ஊர்க் கணக்கில் சேரி எங்கே? திருவாரூர் மாவட்டம் பற்றி

திருவாரூர் மாவட்டத்தில் மலை கிடையாது. காடென்று சொல்ல, தெற்கே முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு மட்டும்தான். மீதியெல்லாம் வயல். கல்லணையில் பிரிகிற வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று கிளை கிளையாகப் பிரிந்து இந்தச் சமவெளியைக் கடக்கிறது. பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொண்டு 'நெற்களஞ்சியம்' என்று பெயர் வைத்துவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 12,64,277 பேர். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் வாழ்கிறார்கள். மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 34 விழுக்காடு. தமிழ்நாட்டின் சராசரி 20. மாநிலத்தில் வேறெந்த மாவட்டத்திலும் இந்த விகிதம் இவ்வளவு உயரவில்லை. மூன்று பேரில் ஒருவர் தலித்தாக இருப்பது தற்செயலா?

இல்லை. நெல் சாகுபடிக்குக் கை வேண்டும். சேற்றில் இறங்க, நாற்றுப் பறிக்க, நட, அறுக்க ஆட்கள் எந்நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டும்; ஆனால் தெருவுக்குள் வரக்கூடாது. அதனால்தான் மேட்டில் ஊர், வயலுக்கு நடுவே பள்ளத்தில் சேரி. ஆறு வளமாக்கிய மண்ணில் பள்ளர், பறையர் மக்களைப் பண்ணையாட்களாகக் கட்டிப்போட்டார்கள். சேரிமனையும் மிராசுதாருடையதுதான். கூலி கேட்டால் வேலை மட்டுமல்ல, குடிசையும் போகும். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடிச் சங்கம் கட்டியபோது, முதலில் எழுந்த கோரிக்கைகளில் அவற்றை நிறுத்துவதும் ஒன்று.

1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று நில உச்சவரம்பு வந்தது. ஆனால் பொது அறக்கட்டளைகளுக்கு விலக்கு இருந்தது. நிலம் எப்படி எங்கே ஒளிந்தது என்பதை இந்தப் பக்கத்து விவசாயத் தொழிலாளி யாரைக் கேட்டாலும் சொல்வார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். குடியிருக்கும் மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது.

வெண்மணி அப்போது தஞ்சாவூர் மாவட்டம். 1991இல் அதைப் பிரித்து நாகப்பட்டினம் வந்தது. வெண்மணி அதற்குள் போனது. 1997இல் திருவாரூர் தனி மாவட்டமானது. 2020இல் மயிலாடுதுறை. ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்தது நல்லதுதான், மனு கொடுக்கப் போகும் பஸ் செலவு மிச்சம். ஆனால் எத்தனை முறை கோடு போட்டாலும், எந்தக் கோடும் ஊருக்கும் சேரிக்கும் நடுவே உள்ள வாய்க்காலைத் தொடவில்லை.

இங்கே கணக்கெடுப்பின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொள்கிறது. அந்தக் கிராமத்தில் எத்தனை பட்டியல் சாதியினர் என்று சொல்லும். அவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று சொல்லாது. 'கிராமத்தில் தார்ச்சாலை உண்டு' என்று பதிவானால் சாலை ஊரோடு நின்றாலும் கணக்கு சரி. 'குடிநீர் வசதி உண்டு' என்பதும் அப்படியே. களவேலைக்குப் போகும்போது நான் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். காகிதத்தில் பாதை இருக்கும். கண்ணெதிரே பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடவு வயலில் இறங்குவார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் அடித்தபோதும் இந்தப் பள்ளம்தான் பேசியது. தென்னை விழுந்தவருக்குக் காட்டப் பட்டா இருந்தது. குடிசையும் கூலிநாளும் போனவருக்கு எந்தக் காகிதம்?

மாவட்டத்தின் 4 சட்டமன்றத் தொகுதிகளில் தனித்தொகுதி திருத்துறைப்பூண்டி ஒன்றுதான். அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது நம் தெருக்களில் ஒன்றைக் கேட்டு வாங்குவோம்: ஊர்ப் பெயரோடு சேரியின் பெயரையும் தனி வரியில் எழுதட்டும். தண்ணீர், பாதை, சுடுகாடு என்று அந்த வரிக்குத் தனியாகக் கணக்கு எடுக்கட்டும்.