உமணர் வண்டியும் வழிநடைச் சமையலும்

கடற்கரை உப்பளங்களிலிருந்து உப்பை மாட்டுவண்டிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களில் விற்றுவந்த உமணர் என்னும் வணிகர் குடும்பத்தோடு நெடுவழியிலேயே வாழ்ந்தவர்கள். ஆதலால் வண்டியோடு சமையற்கட்டும் சென்றதற்கான மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளை அவர்களைப் பற்றிய சங்கப் பாடல்களில் காணலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படை, தன் 500 அடிகளின் தொடக்கப் பகுதியிலேயே உப்பு வண்டியைச் சக்கரம் முதல் கூரை வரை விவரிக்கிறது. வேய்ந்த கூரையுடைய அவ்வண்டியின் வாயிலில் கோழி அடையும் கூடு இருந்தது. பெண்யானையின் முழங்காலை ஒத்த சிற்றுரல் ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. காடிக் கலம், அதாவது புளிக்கவைத்த கஞ்சியோ ஊறுகாயோ நிறைந்த கலம், முன்புறத்தில் கயிற்றால் பிணிக்கப்பட்டிருந்தது. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்ட, வேப்பந்தழை மாலை சூடிய ஆடவர் வண்டி வரிசையைக் காத்தபடி உடன் நடந்தனர்.

இப்பட்டியலில் சமைத்த சோற்று மூட்டை இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அம்மூவனாரின் அகநானூற்றுப் பாடல்கள் (140, 390) காட்டுவதுபோல், நெல்லுக்குச் சரியளவு உப்பு என்று கூவி விற்றவர்கள் உமணர். எனவே அன்றாட உணவுக்கான நெல்லை வழியூர்களிலேயே சரக்குக்கு மாற்றாகப் பெற்று, வண்டியிலிருந்த உரலில் குத்தி உலையிட்டிருக்க வேண்டும். கூட்டிலிருந்த கோழி, தீனி தேடித் தானே வளரும் கறியாகவும் முட்டையாகவும் பயன்பட்டிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. புளிப்பேறிய காடியோ வெயிலில் எளிதில் கெடாதது. அடுப்பைக்கூட அவர்கள் சுமக்கவில்லை. உமணர் சமைத்து இளைப்பாறிவிட்டு விட்டுச்சென்ற கல்லடுப்பில், ஆநிரை கவர்ந்துவந்த வில்வீரர் இறைச்சி சமைத்ததை அகநானூற்று 159ஆம் பாடல் கூறுவதால், அக்கற்கள் அடுத்து வருவோர்க்கும் உதவும் பொதுச்சொத்தாகவே கிடந்தன எனலாம். வந்தவர் கொள்ளையராயினும் அடுப்பு அடுப்பே.

விற்க ஒன்றுமில்லாத வழிப்போக்கர் நிலை வேறு. எருதின்மேல் பூட்டிய மூங்கிற் குழாயில் ஆயர் கொண்டுசென்ற புளிச்சோற்றைத் தேக்கிலையில் பகிர்ந்தளித்து வழிநடையாளரின் பசி தீர்த்ததாக மாமூலனார் பாடுகிறார். இத்தகைய தனியார் ஈகையின் இடத்தைப் பிற்காலத்தில் பெருமளவு நிரப்பியவை சத்திரங்கள், அதாவது பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் அளித்த அறநிலையங்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம், இராமேசுவரம் செல்லும் வழியிலிருந்த சத்திரங்களில் எல்லாச் சாதியினர்க்கும் சோறு வழங்கப்பட்டதையும், அதுவரை உண்ணாதவர் வந்து உண்ணுமாறு நள்ளிரவில் மணியடித்து அழைக்கப்பட்டதையும் தெரிவிக்கிறது. சமைத்த சோற்றை விரும்பாதவர்க்கு அரிசியும் மசாலைப் பொருள்களும் சமைக்காமலே தரப்பட்டன. பிறர் கையால் சமைத்ததை உண்ணாத சாதி வழக்கமே இந்த ஏற்பாட்டுக்கு முதற்காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆயினும் அதன் பயனாக, அரிசி வாங்கக் கையில் காசில்லாத யாத்திரிகரும் வழியில் தம் உலையைத் தாமே வைத்துக்கொள்ள முடிந்தது.