பெயர், இடம், காரணம்: தீராத வயிற்றுவலியைக் கண்டறிந்த வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், வத்திராயிருப்பை அடுத்துப் பெரியாறு, கோவிலாறு என்னும் இரு அணைகளைக் கொண்ட பிளவக்கல் பகுதியும், அதற்கு அண்மையில் தாணிப்பாறை வழியாக ஏறிச் செல்லும் சதுரகிரி மலையும், தமிழ் மருத்துவ மரபில் தனி இடம் பெற்றவை. சித்தர்கள் வாழ்ந்த மலை என்று மரபு போற்றும் சதுரகிரியின் மூலிகைகளை நாடி வைத்தியர்களும், சுந்தர மகாலிங்கத்தை வணங்க ஆடி அமாவாசையில் பெருந்திரளான மக்களும் நெடுங்காலமாக இம்மலைக்கு வந்துள்ளனர். திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரங்களை உள்ளிட்ட தென்தமிழகத்தில், உயிரை உடனே பறிக்காமலும் உடலை விட்டு நீங்காமலும் ஆண்டுக்கணக்கில் வருத்தும் வயிற்றுவலிக்கு விடை தேடியவர்கள் மூன்று வினாக்களை எதிர்கொண்டனர்: அவ்வலியின் பெயர் என்ன, அது உடலின் எவ்விடத்தில் பிறக்கிறது, அது பிறக்கக் காரணம் என்ன? இம்மூன்றுக்கும் விடைகள் ஒரே காலத்தில் கிடைக்கவில்லை. முதல் விடைக்கும் மூன்றாம் விடைக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தன.

பெயரைத் தந்தது சித்த மருத்துவம். குத்திக் குடையும் வலியைச் 'சூலை' என்றும், செரிமானம் கெட்டு வயிற்றில் எரிச்சல், பொருமல், வலி, வாந்தி ஆகியவை தொடரும் நிலையைக் 'குன்மம்' என்றும் அது வகுத்தது. நோயாளியின் உடலைக் குன்றிப்போகச் செய்வதால் குன்மம் எனப் பெயர் வந்தது என்று வைத்தியர் விளக்குவர். குன்மத்தை எட்டு வகையாகப் பிரிக்கும் மரபில், எரிச்சல் மிகுந்தது எரிகுன்மம், வலி மிகுந்தது வலிகுன்மம், உண்டதை வாந்தியாக வெளித்தள்ளுவது சத்திகுன்மம் என்றவாறு, நோயாளி உணரும் துன்பமே வகைப்பாட்டுக்குப் பெரிதும் அடிப்படையாயிற்று. ஏனையவை பெரும்பாலும் வாதம், பித்தம், ஐயம் என்னும் முக்குற்றங்களை ஒட்டிப் பெயர் பெற்றன.

வகையைத் துணிவதற்கு நாடி, தொடுதல், நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்னும் எண்வகைத் தேர்வு பயன்பட்டது. இவற்றுள் சிறுநீர்த் தேர்வின் ஒரு பகுதியான நெய்க்குறியில், கலத்தில் எடுத்த சிறுநீரின் மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விடப்படும்; அத்துளி பாம்பு போல் நீண்டால் வாதம், மோதிரம் போல் வளைந்தால் பித்தம், முத்துப் போல் நின்றால் ஐயம் எனக் கொள்ளப்படும். உடலைத் திறந்து பாராமல் உள்நிலையை அறியக் கையாளப்பட்ட ஒழுங்கான முறை இது. ஆயினும் வலி எந்த உறுப்பில் எழுகிறது என்பதைக் காட்ட இம்முறையால் இயலவில்லை; முக்குற்றங்களின் நிலையைத் துணிந்து மருந்தைத் தேர்வதே இதன் நோக்கமாதலால், அவ்வினாவுக்கு அங்கே முதன்மை இருக்கவும் இல்லை.

வைத்தியரின் பெயர்களுக்குப் பக்கத்தில் ஊராரின் பெயர்களும் வழங்கின. வலி விட்டு விட்டு வந்தால் குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவிக் குடல் தட்டுதல், உண்ட பொருள் ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டது என்று கருதித் தொக்கம் எடுத்தல், பகைவர் உணவில் கலந்து கொடுத்ததாக நம்பிய இடுமருந்தை முறிக்க மருந்து எடுத்தல் ஆகியவை இன்றும் முற்றாக மறையவில்லை. இவை ஒவ்வொன்றும் காரணத்தைத் தேடும் முயற்சியே. கண்ணுக்குப் புலப்படாத துன்பத்துக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு பொருளையோ வெளியே இருக்கும் ஒரு பகைவரையோ காரணமாகக் கற்பித்தன என்பதே இவற்றின் பொதுத்தன்மை.

தமிழ் இலக்கியத்தில் மிகவும் புகழ்பெற்ற வயிற்றுவலி, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசரின் சூலை. சமணத்தில் தருமசேனராக விளங்கிய அவருக்குச் சூலை பற்றியபோது, சமணத் துறவியர் மந்திரித்த குண்டிகை நீரைக் குடிப்பித்தும் மயிற்பீலியால் தடவியும் வலி தணியவில்லை என்றும், அவர் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் சென்று, வீரட்டானத்தில் முதற்பதிகம் பாடியபின் நோய் நீங்கிற்று என்றும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விவரித்தார். சமயச் சார்பை நீக்கிவிட்டு மருத்துவ வரலாற்று நோக்கில் மட்டும் பார்த்தால், ஒரு முறை பயன்படாதபோது நோயாளி வேறோர் இடத்தை நாடிச் செல்வது என்னும் நெடிய வழக்கத்தின் பழைய தமிழ்ப் பதிவு இது எனலாம்.

இடத்தைக் காட்டியது அறுவை மருத்துவம். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தை முடித்துத் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், அன்றைய திருவிதாங்கூரிலும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கும் நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனையில் ஒரே அறுவை மருத்துவரை நம்பிக் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். இரைப்பையை அடுத்த சிறுகுடலின் முதற்பகுதியாகிய முன்சிறுகுடலில் புண் ஏற்பட்டு வருந்தியோர் அவருடைய நோயாளிகளில் மிகுதியாக இருந்தனர். பசி எடுக்கும்போது வலித்து, உண்டால் தணிந்து, நள்ளிரவில் எழுப்பிவிடுவது இப்புண்ணின் இயல்பு; நாளடைவில் புண் ஆறிய தழும்பு வழியைச் சுருக்கிவிட, உண்டது கீழே இறங்காமல் வாந்தியாக வெளிப்படும். சத்திகுன்மம் என்று வைத்தியர் பெயரிட்ட நிலையை இது நினைவூட்டினாலும், இரண்டும் ஒன்றே என்று துணிய இயலாது. வேறுபாடு என்னவெனில், நெய்யூரில் வயிற்றைத் திறந்த மருத்துவர் புண்ணையும் சுருக்கத்தையும் தம் கண்ணால் கண்டார். இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு இணைத்து உணவுக்கு வேறு வழி அமைத்தார்.

திறக்காமலே பார்க்கும் வழியும் அக்காலத்தில் பரவியது. 1895இல் இராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர், பேரியம் கலந்த நீரை நோயாளி விழுங்கியபின் இரைப்பை, குடல் ஆகியவற்றின் உள்வடிவத்தை நிழலாகக் காட்டிற்று. 1934இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பகுதியினருக்கு, 1927இல் தென்காசிவரை அமைந்த விருதுநகர் இருப்புப்பாதை மதுரைக்குச் செல்லும் வழியை எளிதாக்கிற்று. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மலையடிவாரத்திலிருந்து நகரத்துக்குச் செல்லும் இப்பயணமே பல குடும்பங்களுக்கு நோயறிதலின் செலவில் பெரும்பகுதியாக அமைந்தது.

இடம் தெரிந்தபின்னும் காரணம் பிடிபடவில்லை. அரிசியும் மரவள்ளியும் மிகுந்த உணவு, மிளகாய், சத்துக்குறைவு, கவலை எனப் பலவும் குற்றம் சாட்டப்பட்டன. குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்கரிசன் எலிகளுக்குப் பல வட்டாரங்களின் உணவைக் கொடுத்துச் செய்த சோதனையில், கோதுமையும் பாலும் சேர்ந்த வட இந்திய உணவை உண்டவற்றைவிடத் திருவிதாங்கூர் ஏழையரின் உணவை உண்டவற்றுக்கு இரைப்பைப் புண் மிகுதியாகத் தோன்றியதால், உணவுக் கொள்கை வலுப்பெற்றது. அதன்வழி நோயாளிகள் காரத்தை விலக்கினர். மருத்துவர்கள் அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளையும், அமிலச் சுரப்பைக் குறைக்க நரம்பை வெட்டும் அறுவையையும் நாடினர்.

1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் கண்ணாடி இழைகளால் அமைந்த உள்நோக்கியை அறிமுகப்படுத்தியபின், வயிற்றைக் கீறாமலே புண்ணைப் பார்க்கவும் அதன் ஓரத்திலிருந்து சிறு திசுவை எடுக்கவும் முடிந்தது. அவ்வாறு எடுத்த திசுக்களில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் கண்ட வளைந்த நுண்ணுயிரை, 1982இல் பாரி மார்ஷல் தனித்து வளர்த்தார். 1984இல் தாமே அதைக் குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பின்னர்ப் பெயர்பெற்ற அந்நுண்ணுயிரே பெரும்பாலான முன்சிறுகுடற் புண்களின் காரணம் என்பது நிறுவப்பட்டு, 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தலைமுறைகளாகக் கத்தியும் பத்தியமும் வேண்டிய நோய், நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலத்தடுப்பு மருந்தும் சேர்ந்த இரு வார மருத்துவத்தால் பெரும்பாலும் தீரக்கூடியதாயிற்று.

ஆயினும் வயிற்றுவலி என்றால் புண்தான் என்னும் பழக்கம் வேறு நோய்களை மறைத்ததும் உண்டு. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், இளம் வயதிலேயே வலியாகத் தொடங்கிப் பின்னர் நீரிழிவில் கொண்டுவிடும் வெப்பமண்டலக் கணைய அழற்சியை, இந்தோனேசியாவில் சூடெமா 1959இல் விவரித்ததையொட்டி, மருத்துவர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளிடம் ஆராய்ந்தார். கணையத்தில் உருவான கற்கள் சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்திலேயே வெண்மையாகத் தெரியும். தேடிப் பார்க்க வேண்டும் என்னும் ஐயம் எழுந்தால் போதும். குடற்காசநோயும், கருப்பை உட்படலம் வெளியே வளர்வதால் மாதவிடாயை ஒட்டிப் பெண்களுக்கு வரும் வலியும் அவ்வாறே நெடுநாள் வேறு பெயர்களில் மருந்து பெற்றவை.

எல்லாச் சோதனைகளிலும் குறையொன்றும் காணப்படாத வலி இறுதியில் எஞ்சியது. குடல் வடிவம் மாறாமல் அதன் இயக்கமும் உணர்ச்சியும் மட்டும் மாறும் இந்நிலைக்கு, 1978இல் பிரித்தானியாவில் மேனிங் குழுவினரும் பின்னர் ரோம் நகரின் பெயரால் வழங்கும் வல்லுநர் குழுக்களும் வகுத்த அளவுகோல், மலம் கழித்தபின் வலி தணிகிறதா, மலத்தின் தன்மை மாறுகிறதா என நோயாளி சொல்வதையே ஆதாரமாகக் கொண்டது. துன்பத்தின் தன்மையைக் கேட்டு வகை பிரித்த குன்ம வைத்தியரின் முறைக்கே மருத்துவம் ஒருவகையில் மீண்டதாக இதைக் கொள்ளலாம். எனினும் எடை குறைதல், இரத்தப்போக்கு, இரவில் எழுப்பும் வலி போன்ற எச்சரிக்கைக் குறிகள் இருந்தால் முதலில் உள்ளே பார்த்துவிட வேண்டும் என்னும் விதி இன்று அதனோடு சேர்ந்துள்ளது. 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின், பிளவக்கல்லிலிருந்து அவ்வாறு பார்ப்பதற்குச் செல்ல வேண்டிய தொலைவும் குறைந்துள்ளது.