தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியும் அதன் உறுப்பினர்களும்: பிரதிநிதித்துவம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் அமைந்துள்ள தேவிகுளம், தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழும் சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்றாகும். மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தமிழகத்துடன் இணைக்கப்பட வேண்டுமெனக் கோரப்பட்டுக் கேரளத்திலேயே நிலைத்துவிட்ட பகுதி என்ற அளவிலேயே தமிழ் ஆய்வுலகம் இதனைப் பெரிதும் அறிந்துள்ளது. ஆயின் 1956க்குப் பின் இம்மக்கள் தம் குரலை எவர் வழியாக, எம்மொழியில், எந்தத் தகுதியின் அடிப்படையில் சட்டமன்றத்திற்கு அனுப்பினர் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. இத்தொகுதியின் தேர்தல் முடிவுகள் இருமுறை நீதிமன்றத் தீர்ப்புக்கு உட்பட்டன. முதலாவது 1957ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டியது. இரண்டாவது 2021ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டியது. இவ்விரண்டையும் எல்லைகளாகக் கொண்டு தேவிகுளத்தின் பிரதிநிதித்துவ வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நிலமும் மக்களும்

தொகுதியின் மக்களை ஒரே தொகுப்பாகக் கருதுதல் பொருந்தாது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஊர்களைக் கொண்ட அஞ்சுநாட்டில், தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே தமிழ் பேசும் உழவர் குடிகள் வாழ்ந்து வருகின்றனர். தம் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தியாகும். முதுவர் முதலிய பழங்குடியினர் மலையின் உட்பகுதிகளில் வாழ்கின்றனர். அடிமாலி, வெள்ளத்தூவல் முதலிய பகுதிகளில் மலையாளம் பேசும் குடியேற்ற உழவர் மிகுதி.

தோட்டத் தொழிலாளர் வரலாறு வேறானது. 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்தார் கண்ணன் தேவன் மலைப்பகுதியை ஜான் டேனியல் மன்றோவுக்கு உரிமையாக அளித்தனர். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. தேயிலைப் பயிர் விரிந்தபோது திருநெல்வேலி, மதுரை வட்டாரங்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர். இவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. நிறுவனத்திற்குரிய லயங்களில் குடியிருந்த இவர்களுக்குச் சொந்த நிலமில்லை. வேலை முடிந்தால் வீடும் போய்விடும். இந்நிலை இவர்தம் அரசியலையும் வரையறுத்தது.

மொழிவழிப் பிரிவினையும் தேவிகுளமும்

திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு, தமிழ் வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்கப் போராடியது. தேவிகுளம், பீர்மேடு ஆகிய இரண்டும் அக்கோரிக்கையில் அடங்கும். 1954 சூலையில் மார்ஷல் நேசமணி மூணாறில் தடையை மீறிக் கைதானார். அதே ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் தெற்கு வட்டங்களில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நேர்ந்தன.

1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே இருக்கவேண்டும் என்றது. இங்குத் தமிழர் பெரும்பான்மையினராக இருப்பினும், அப்பெரும்பான்மை தோட்ட வேலைக்காக வந்து செல்லும் மக்களால் அமைந்தது என்பது ஆணையம் கருதிய காரணங்களுள் ஒன்று. பொருளியல் நோக்கு மற்றொன்று. 1956 நவம்பர் 1 முதல் இம்முடிவு நடைமுறைக்கு வந்தது.

இக்காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. இரண்டு மூன்று தலைமுறைகளாக ஒரு மலையில் உழைத்தவர்கள் 'வந்து செல்வோர்' எனக் கொள்ளப்பட்டனர். அஞ்சுநாட்டின் பழங்குடிகள் கணக்கில் முதன்மை பெறவில்லை. எனினும் அவ்வாறு கருதப்பட்ட அதே மக்களே அடுத்த ஆண்டு வாக்காளர்களாக நின்று புதிய மாநிலத்தின் ஆட்சியைத் தீர்மானிப்பதில் பங்கு பெற்றனர்.

1957 தேர்தலும் 1958 இடைத்தேர்தலும்

கேரளத்தின் முதற் பொதுத்தேர்தலில் தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. ஓரிடம் பொது, மற்றது பட்டியல் சாதியினர்க்கு உரியது. கம்யூனிஸ்டுக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ், காங்கிரசின் என். கணபதி ஆகியோர் வெற்றி பெற்றனர். ரோசம்மா புன்னூஸ் 1957 ஏப்ரல் 10ஆம் நாள் தற்காலிகப் பேரவைத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். கேரளச் சட்டமன்றத்தில் முதன்முதலாக உறுதிமொழி ஏற்ற உறுப்பினர் என்னும் சிறப்பு இவ்வாறு தேவிகுளத்தின் உறுப்பினருக்கு வாய்த்தது.

காங்கிரசைச் சார்ந்த பி. கே. நாயரின் வேட்பு மனு முறையின்றித் தள்ளுபடி செய்யப்பட்டது எனத் தொடுக்கப்பட்ட வழக்கில் ரோசம்மாவின் தேர்தல் செல்லாது என முடிவாயிற்று. இதனால் 1958 மே மாதம் நடந்த தேர்தலே கேரளத்தின் முதல் இடைத்தேர்தலாகும். 126 இடங்களில் கம்யூனிஸ்டுக் கட்சி பெற்றவை 60. ஐந்து சுயேச்சைகளின் ஆதரவால் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவை நிலைபெற்றிருந்தது. ஒவ்வோர் இடமும் இன்றியமையாததாக இருந்த அச்சூழலில் நாட்டின் கண் முழுவதும் மூணாறின் மீது திரும்பியது.

வாக்காளருள் பெரும்பகுதியினர் தமிழர். ஆதலின் பரப்புரையும் தமிழிலேயே நடைபெற வேண்டியிருந்தது. பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் கம்யூனிஸ்டு வேட்பாளருக்காகத் தோட்டங்கள்தோறும் பாடினார். இசையமைப்பாளர் இளையராஜாவின் மூத்த சகோதரரான இவர்தம் பாடல்கள் எழுத்தறியாத தொழிலாளரிடம் அரசியலைக் கொண்டு சேர்த்தன. தமிழ்நாட்டு இடதுசாரி மேடைப்பாடல் வரலாற்றை ஆராய்வோர் தேவிகுளத் தேர்தலைத் தவிர்த்துச் செல்ல இயலாது. ரோசம்மா 7,089 வாக்குகள் மிகுதியாகப் பெற்று மீண்டும் வென்றார்.

வெற்றியைத் தொடர்ந்த நிகழ்வையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். 1958 அக்டோபரில் மூணாறில் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது காவல்துறையினர் சுட்டதில் தொழிலாளர் இருவர் இறந்தனர். எந்த ஆட்சியைத் தம் வாக்கால் வலுப்படுத்தினரோ அந்த ஆட்சிக் காலத்திலேயே இது நிகழ்ந்தது. வாக்குக்கும் வாழ்வுக்கும் இடையிலான தொலைவை இத்தொகுதி முதலில் உணர்ந்த தருணம் இதுவெனலாம்.

தனித்தொகுதியும் தொழிற்சங்க அரசியலும்

1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரட்டை உறுப்பினர் முறை நீங்கியது. பின்னர்த் தேவிகுளம் பட்டியல் சாதியினர்க்குரிய தனித்தொகுதியாயிற்று. 1970இல் மார்க்சிஸ்டுக் கட்சியின் ஜி. வரதனும், 1977இல் காங்கிரசின் கிட்டப்ப நாராயணசாமியும், 1980, 1982 தேர்தல்களில் மீண்டும் வரதனும், 1987இல் மார்க்சிஸ்டுக் கட்சியின் எஸ். சுந்தரமாணிக்கமும் வென்றனர். 1991, 1996, 2001 ஆகிய மூன்று தேர்தல்களில் காங்கிரசின் ஏ. கே. மணியும், 2006, 2011, 2016 ஆகிய மூன்றில் மார்க்சிஸ்டுக் கட்சியின் எஸ். இராசேந்திரனும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

இப்பட்டியல் இரு செய்திகளை உணர்த்துகின்றது. ஒன்று, மாநிலத்தின் பிற பகுதிகளில் ஆட்சி மாறிமாறி அமைந்தபோதும் தேவிகுளம் ஒருவரையே தொடர்ந்து மும்முறை தேர்ந்தெடுத்துள்ளது. தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சங்கமே கட்சியின் வேராக அமைந்தமை இதற்குரிய காரணங்களுள் ஒன்று. மற்றொன்று, தமிழ் அடையாளத்தை முன்வைத்த அரசியல் 1956க்குப் பின் இங்குச் சட்டமன்ற இடமாக மாறவில்லை. தமிழகக் கட்சியான அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் 2016இல் போட்டியிட்டும் வெற்றி காணவில்லை. மொழி உணர்வு மறைந்துவிடவில்லை. அது தொழிற்சங்கத்தின் உள்ளே, உறுப்பினரின் பேச்சு மொழியாகவும் உறவு மொழியாகவும் இடம்பெற்றது.

2015: பிரதிநிதிகளுக்கு எதிரான குரல்

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் இவ்வமைப்பைக் கேள்விக்கு உள்ளாக்கியது. 20 விழுக்காடு மிகையூதியம் கோரிச் சாலையில் அமர்ந்த அவர்கள், நிறுவனத்தை மட்டுமன்றித் தம் பெயரால் பேசிவந்த அனைத்துச் சங்கங்களையும் மறுத்தனர். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரையும் போராட்டக் களத்திலிருந்து திருப்பி அனுப்பினர். 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரே தமிழும் மலையாளமும் கலந்த அம்மலையின் பேச்சு வழக்கிலிருந்து பிறந்தது. 8.33 விழுக்காடு மிகையூதியமும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாகக் கோரிக்கை நிறைவேறியது. அவ்வாண்டு உள்ளாட்சித் தேர்தலில் அவ்வமைப்பினர் சில இடங்களில் வென்றனர். 2016 சட்டமன்றத் தேர்தலில் வெல்ல இயலவில்லை. பிரதிநிதியை மறுப்பது ஒன்று. மாற்றுப் பிரதிநிதியை நிலைநாட்டுவது வேறொன்று என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

2021 முதல் 2025 வரை: உறுதிமொழியும் வழக்கும்

2021இல் மார்க்சிஸ்டுக் கட்சியின் ஏ. இராசா 7,848 வாக்கு வேறுபாட்டில் வென்றார். மே 24ஆம் நாள் அவர் தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவருக்கு அளிக்கப்பட்ட தமிழ் வாசகத்தில் கடவுளின் பெயரால் என்பதோ உளமார உறுதி கூறுதலோ இடம்பெறவில்லை. மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை அது. சூன் 2ஆம் நாள் திருத்திய வாசகத்தைக் கொண்டு மீண்டும் தமிழிலேயே உறுதிமொழி ஏற்றார். பிழையின்றி உறுதிமொழி ஏற்காது அவையில் இருந்த நாட்களுக்காக அவர்மீது தண்டத்தொகையும் விதிக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் தொடர்பு கொள்ளும் உரிமையை ஏற்றுள்ள மாநிலத்தில், அரை நூற்றாண்டிற்குப் பின்னும் ஓர் உறுதிமொழியின் தமிழ் வாசகம் முழுமையற்று இருந்தமை எண்ணத்தக்கது. பிழை அலுவலகத்தினுடையது, தண்டம் உறுப்பினருடையது.

தோல்வியுற்ற வேட்பாளர் தொடுத்த வழக்கில், இராசா கிறித்தவர் என்பதால் தனித்தொகுதியில் நிற்கும் தகுதியற்றவர் எனக் கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச் 20ஆம் நாள் தேர்தலைச் செல்லாததாக்கியது. உச்சநீதிமன்றம் 2025 மே 6ஆம் நாள் அத்தீர்ப்பை நீக்கி அவரது தேர்தலை நிலைநிறுத்தியது. இவ்வழக்கில் சமயம் மட்டுமன்றிக் குடியேற்றமும் வினாவாயிற்று. பட்டியல் சாதியினர் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வெளிவந்த 1950 ஆகஸ்டு 10ஆம் நாளுக்கு முன்பே அவர்தம் முன்னோர் இம்மலையில் வாழ்ந்தனரா என்பதும் வாதிடப்பட்டது. ஆணைக்குரிய சாதி மாநிலந்தோறும் கணக்கிடப்படுவதால், தமிழகத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எந்த ஆண்டில் மலையேறியது என்பதே வாரிசின் தகுதியைத் தீர்மானிக்கக்கூடியதாயிற்று.

முடிவுரை

1955இல் ஆணையம் ஒரு பகுதியின் மாநிலத்தைத் தீர்மானிக்கும்பொழுது, இம்மக்கள் வந்தவர்களா, வாழ்பவர்களா என்பதைக் கருதியது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதே வினா ஓர் உறுப்பினரின் தகுதி வழக்கிலும் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் இம்மக்கள் ஒரு மாநில ஆட்சியைத் தாங்கினர். தமக்கென உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். வேண்டியபோது அவர்களை மறுக்கவும் செய்தனர். ஆயினும் 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்கள் புதையுண்டு எழுபது பேர் மாண்டபோது, தம் வாழ்விடத்தின் மீது அவர்களுக்கு எவ்வுரிமையும் இல்லை என்னும் உண்மை மீண்டும் வெளிப்பட்டது.

எனவே தேவிகுளத்தின் வரலாற்றை எல்லைப் போராட்டத்துடன் நிறுத்திவிடுதல் முழுமையாகாது. எல்லை வரையப்பட்ட பின்னரே இம்மக்களின் அரசியல் வரலாறு தொடங்குகின்றது. தோட்டப் பதிவேடுகளும், தேர்தல் வழக்கு ஆவணங்களும், தொழிலாளர்தம் வாய்மொழிப் பாடல்களும் ஒருங்கே ஆராயப்படின், தமிழகத்திற்கு வெளியே தமிழ் மக்கள் குடிமக்களாக நிலைபெற்ற முறையை விளக்கும் சான்றாக இத்தொகுதி அமையும்.