தோணியில் ஏறிய வெங்காயம்

தூத்துக்குடி என்றதும் முத்தே நம் நினைவில் முந்தி நிற்கும். அம்முத்துக்குளிப்போ 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் அதே கரையினின்று வெங்காய மூட்டைகளை ஏற்றிச் செல்லும் தோணிகள் நின்றபாடில்லை. முத்துக்கு வாய்த்த புகழ் வெங்காயத்துக்கு வாய்க்கவில்லை. எனினும் அதனை எதிர்நோக்கி அடுப்பு மூட்டிய மக்களின் வரலாறே இன்று நான் சொல்ல வந்தது.

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளைக் கொண்டது. அவற்றுள் மக்கள் வாழ்வன சுமார் 200. தென்னை உண்டு, கடலில் சூரை மீன் உண்டு, மணற்பாங்கான அம்மண்ணில் நெல் விளைவதில்லை. 14ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த இபின் பதூதா, தீவினர் சோழிகளை வங்காளத்தாருக்குக் கொடுத்து அரிசி பெற்றதை எழுதி வைத்துள்ளார். சோழி காசாக வழங்கிய காலம் மறைந்தது; அரிசியின் தேவை மறையவில்லை.

பிற்காலத்தில் அத்தேவையில் ஒரு பங்கைத் தூத்துக்குடித் தோணிகள் நிறைவேற்றின. பழைய துறைமுகத்தில் அவற்றில் சரக்கேற்றுவதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்கறி, சிமெண்டு, செங்கல் என ஒரு குடும்பத்துக்கு வேண்டுவன யாவும் அம்மரக்கலத்தில் அடங்கும். குமரிமுனையைச் சுற்றி ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சென்றால் மாலே நகர். இலட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காய்க்கும் இவ்வாறே சரக்கு சென்றது. அங்கிருந்து மாசிக்கருவாடு இங்கு வந்தது.

பாய்மரத்தையே நம்பியிருந்த நாளில் வாடைக்காற்று தோணியைத் தீவுக்குச் செலுத்தும். தென்மேற்குப் பருவக்காற்று அதனைக் கரையிலேயே கட்டிப்போடும். ஆகவே காற்று திரும்புமுன் வாங்கி வைத்ததே வீட்டின் இருப்பு. நமக்குக் கடைத்தெரு கூப்பிடு தூரத்தில் இருப்பதால், உப்பு தீர்ந்தபின் உப்பு வாங்குகிறோம். தீவினருக்கோ முன்யோசனையே களஞ்சியம்.

அம்முன்யோசனையும் பயன்படாத காலம் ஒன்று வந்தது. 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரவு குன்றவே, மாலத்தீவினர் கடும் உணவுப் பஞ்சத்துக்கு உள்ளாயினர். அவர்கள் நிலத்தில் குண்டு விழாமலே போர் அவர்கள் உலைப்பானையைக் காலியாக்கிற்று.

2020ஆம் ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலத்தீவுக்கு நேரடிச் சரக்குக் கப்பல் தொடங்கப்பெற்றது. கலம் மாறலாம், மூட்டைக்குள் இருப்பது மாறவில்லை. முத்து பூண்டவர்களைப் பற்றி நிறைய எழுதிய நாம், மூட்டைக்காகக் கரையில் காத்திருந்தவர்களையும் நம் துறைமுக வரலாற்றில் சேர்த்தெழுத வேண்டும்.