இணையம் நம் வீட்டுக்கு வரும் வழி: குடும்பத்தினர் அறிய வேண்டிய அடிப்படைகள்

ஜித்தாவில் வேலை பார்க்கும் மகன் வீடியோ காலில் வருகிறான். உம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் அசையாமல் நின்றுவிடுகிறது. உடனே "நெட் சரியில்லை" என்கிறோம். இணைப்புக் கொடுத்தவரைக் குறை சொல்கிறோம். உண்மையில் கோளாறு எங்கே என்று நமக்குத் தெரிவதில்லை.

நம் வீட்டிலும் இது நடந்தது. வேகம் போதவில்லை என்று எண்ணி, கூடுதல் பணம் கட்டிப் பெரிய பிளானுக்கு மாறினோம். ஒன்றும் மாறவில்லை. பல வாரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்துக் கூடத்து அலமாரியின் மேல் வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அறியாமைக்கு நாம் கட்டிய அபராதம்தான் அந்தப் பணம்.

நெட்வொர்க், இணையம், வைஃபை ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறோம். அவை மூன்றும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால் வீண் செலவும் மிச்சமாகும், ஆபத்தும் குறையும்.

நெட்வொர்க் என்பது என்ன?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கருவிகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும்படி இணைக்கப்பட்டால் அது நெட்வொர்க், அதாவது வலையமைப்பு. வீட்டுக்குள் இருக்கும் கைபேசி, கணினி, டிவி, பிரிண்டர் ஆகியவற்றை இணைப்பது உள்ளக வலையமைப்பு. இதை லேன் என்பார்கள். இணையமே இல்லாவிட்டாலும் இது இயங்கும். வெளி இணைப்பு அறுந்த நாளிலும் கணினியிலிருந்து வீட்டு பிரிண்டருக்கு அச்சுக் கொடுக்க முடிவது இதனால்தான்.

இந்த வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் முகவரி உண்டு. அதற்கு ஐபி முகவரி என்று பெயர். பல வீடுகளில் இது 192.168 என்று தொடங்கும். இது வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியுலகத்தோடு பேசும்போது, பொதுவாக வீடு முழுவதற்கும் ஒரே பொது முகவரியை ரவுட்டர் பயன்படுத்துகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இணையம் எப்படி வேலை செய்கிறது?

இப்படிப்பட்ட எண்ணற்ற வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைத்ததே இணையம். இதன் முன்னோடி அமெரிக்காவின் அர்பாநெட். 1969 அக்டோபர் 29 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனத்தின் கணினிக்கு முதல் செய்தி போனது. 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். முதல் இரண்டு எழுத்துகள் போனதும் கணினி நின்றுவிட்டது. தொடக்கமே இப்படித்தான்!

விண்ட் செர்ஃப், பாப் கான் ஆகிய இருவர் வகுத்த டிசிபி/ஐபி என்ற விதிமுறைக்கு 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் மாறியது. இன்றைய இணையமும் அதன் மேல்தான் நிற்கிறது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது.

இதன் அடிப்படை எளிது. நூறு பக்கப் புத்தகம் ஒன்றை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி உறையிலிட்டு, வரிசை எண்ணும் முகவரியும் எழுதி அனுப்புகிறோம். உறைகள் வெவ்வேறு வழிகளில் போகலாம், முன்பின்னாகப் போய்ச் சேரலாம். பெறுபவர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்வார். இந்த உறைகளைத்தான் பாக்கெட் என்கிறார்கள்.

ஒரு படத்தை இறக்கும்போது ஏதாவது ஒரு பாக்கெட் தவறினால், கணினி அதை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் நேரடிப் பேச்சில் மறுபடி கேட்டுக் காத்திருக்க நேரம் இல்லை. தவறியது தவறியதுதான். மகனின் முகம் அசையாமல் நிற்பது இதனால்தான்.

கம்பியில்லாத பகுதி எவ்வளவு?

இணையம் காற்றில் வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் காற்றில் வருவது கடைசிச் சில மீட்டர்தான்! வைஃபை என்பது ரவுட்டருக்கும் நம் கைபேசிக்கும் இடையிலான ரேடியோ அலைத் தொடர்பு மட்டுமே. சிம் கார்டு வழியாகப் பயன்படுத்தும்போது, கைபேசிக்கும் டவருக்கும் இடையில் ரேடியோ அலை. அதற்கு அப்பால் பெரும்பாலும் கண்ணாடி இழை வடங்கள்தான். செயற்கைக்கோள் வழி இணையமும் உண்டு, ஆனால் உலகப் போக்குவரத்தில் அதன் பங்கு சிறியது.

கம்பியின்றிப் பாக்கெட்டுகளை அனுப்பும் முறை 1971ஆம் ஆண்டிலேயே ஹவாய்த் தீவுகளில் அலோஹாநெட் என்ற பெயரில் இயங்கியது. வைஃபைக்கான முதல் தரநிலை 1997இல் வந்தது. இன்று பல ரவுட்டர்களில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் இருக்கின்றன. முதலாவது சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும், வேகம் குறைவு. இரண்டாவது வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். உலோகம் இரண்டையுமே தடுக்கும்.

கடலுக்கடியில் ஒரு பாதை

நாடுகளுக்கிடையே தகவலின் பெரும்பகுதி கடலடி வடங்களில்தான் போகிறது. ஸீ-மீ-வீ 4 என்ற வடம் சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் வரை ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் நீளமுடையது. சென்னை, கொழும்பு, மும்பை, ஃபுஜைரா, ஜித்தா ஆகிய ஊர்களில் அது கரையேறுகிறது. நம் குடும்பங்கள் பிரிந்து வாழும் ஊர்களையே ஒரு வடம் கோத்து வைத்திருக்கிறது.

2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இந்த வடமும் இன்னொரு வடமும் சேதமடைந்தன. இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இணையம் தடுமாறியது. அப்படிப்பட்ட நாளில் நம் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை.

கோளாறு எங்கே? மூன்று சோதனைகள்

முதலில் ரவுட்டரின் அருகில் போய் நின்று பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் குறை வைஃபையில்தான். ரவுட்டரைத் திறந்த, உயரமான, வீட்டின் நடுவிலுள்ள இடத்துக்கு மாற்றுங்கள்.

அருகிலும் மெதுவாக இருந்தால், ஒரு கணினியை லேன் வயரால் ரவுட்டரோடு இணைத்துப் பாருங்கள். அதிலும் மெதுவென்றால் குறை வெளி இணைப்பில் இருக்கக்கூடும். அப்போது நிறுவனத்தை அழையுங்கள்.

மற்றவை எல்லாம் வேகமாக இயங்கி, ஒரே ஒரு தளமோ செயலியோ மட்டும் திணறினால், குறை பெரும்பாலும் மறுமுனையில் இருக்கும்.

இன்னொன்று: 100 எம்பிபிஎஸ் பிளான் என்றால் விநாடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே இறக்கும்போது விநாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் காட்டும். அது ஏமாற்று அல்ல.

பூட்டு எங்கே இருக்க வேண்டும்?

வீட்டு வாசலைப் பூட்டுகிறோம். வைஃபை சுவரைத் தாண்டித் தெருவரை போகிறது. ரவுட்டருடன் வந்த பாஸ்வேர்டுகளை முதல் நாளே மாற்றுங்கள். ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு ஒன்று, வைஃபைக்கு இன்னொன்று, இரண்டையும் மாற்ற வேண்டும். பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும்.

கேட்பவருக்கெல்லாம் பாஸ்வேர்டைக் கொடுப்பது தாராள மனம்போலத் தோன்றும். ஆனால் முன்பு சொன்னதை நினைத்துப் பாருங்கள். வெளியே தெரிவது வீட்டுக்கு ஒரே முகவரி. யாரோ ஒருவர் நம் இணைப்பில் செய்யும் தவறுக்கு, விசாரணை முதலில் நம் வாசலுக்கு வரும். விருந்தினருக்கென்று தனி கெஸ்ட் நெட்வொர்க் வைக்கும் வசதி பல ரவுட்டர்களில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதுவும் அதே பொது முகவரியில்தான் வெளியே போகும். எனவே நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

இணைய முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுச் சின்னத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வழியில் யாரும் படிக்க முடியாதபடி தகவல் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்று அல்ல. மோசடித் தளங்களிலும் அந்தப் பூட்டு இருக்கும். வங்கி எண்ணையும் ஓடிபியையும் கொடுக்கும் முன், தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

இவற்றைப் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுவிட வேண்டாம். வீட்டின் மின்சார மெயின் சுவிட்ச் எங்கே என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருப்பதுபோல, ரவுட்டர் எங்கே, அதன் சாவி யாரிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இன்றே ஒருமுறை எழுந்துபோய் அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.