தக்காவியும் அணாவாரியும்

ஆமதாபாதிலும் பரோடாவிலும் குடியேறி வாழும் நம்மவர் பலருக்கும் சரோத்தர் வட்டாரம் அறிமுகமானது. புகையிலையும் பாலும் செழிக்கும் அந்தப் பூமியை ரயிலிலிருந்து கண்டு மகிழ்கிறோம். அங்கே ஒரு காலத்தில் குடியானவன் நிவாரணம் வேண்டிக் கச்சேரி வாசலில் காத்து நின்றான் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

இடர்க்காலத்தில் உழவனுக்கு அரசு பணம் கொடுப்பது புதிய வழக்கமன்று. விதைக்கும் உழவு மாட்டுக்கும் முன்பணம் தரும் முறை மொகலாயர் ஆட்சியிலேயே இருந்தது. வறிய உழவனுக்குக் கடனுதவி செய்து, அவனுக்கு இயன்றபோது திரும்பப் பெறும்படி வரி அதிகாரிக்கு அயினி அக்பரி அறிவுறுத்துகிறது. இத்தகைய முன்பணத்துக்குத் தக்காவி என்று பெயர். வலுவூட்டுதல் என்பது அந்த அரபுச் சொல்லின் கருத்து. நம் ஊர்த் தாலுகா கச்சேரிகளிலும் அச்சொல் வழங்கியதை முதியோர் அறிவர்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பின், ஸர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த கமிஷன் 1880-ல் அறிக்கை தந்தது. தொடர்ந்து 1883-லும் 1884-லும் இரு சட்டங்கள் பிறந்தன. கிணறு வெட்டவும் வரப்பு உயர்த்தவும் கடன் தந்தது முன்னது. விதை, மாடு வாங்கவும் துயர் தீரவும் கடன் தந்தது பின்னது. ஆயினும் இரண்டும் கடனே. தவணை தவறினால் நிலவரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கலாம். கொடுத்த கையே ஜப்தியும் செய்யலாம் என்பதை அறிந்த உழவன், லேவாதேவிக்காரன் வீட்டையே நாடியதில் வியப்பென்ன?

1899-ல் குஜராத்தில் மழை பொய்த்தது. விக்கிரம ஆண்டு 1956 ஆதலால், அந்தப் பஞ்சத்தை இன்றும் அங்கே ‘சப்பனியோ’ என்பர்; ஐம்பத்தாறாம் ஆண்டுக்குரியது என்று பொருள். மனிதரோடு மாடுகளும் கூட்டம் கூட்டமாக மாண்டன. மறுபருவம் மழை பெய்தாலும் ஏரில் பூட்ட எருதில்லை. இதன் பின்னர் வந்த மக்டானல் கமிஷன், 1901-ல், உழவனின் நெஞ்சம் தளருமுன்பே முன்பணம் சென்று சேர வேண்டும் என்று வற்புறுத்தியது. இவ்வுண்மையைக் காணச் சர்க்காருக்கு இத்தனை உயிர்கள் தேவைப்பட்டன!

கடன் ஒருபுறமிருக்க, வரி மற்றொருபுறம். நிறைந்த விளைச்சலைப் பதினாறணாவாகக் கொண்டு, அவ்வாண்டு விளைந்தது எத்தனை அணா என்று மதிப்பிடும் முறைக்கு அணாவாரி என்று பெயர். நாலணாவும் அதற்குக் கீழும் போனால் நிலவரியை அவ்வாண்டு முழுதும் நிறுத்திவைக்கக் கோரலாம் என்பது விதி. 1917-ல் மிகுமழையால் கேடா ஜில்லாவில் பயிர் அழிந்தது. குடிகள் நாலணாவுக்குக் குறைவு என்றனர். அதிகாரிகள் மிகுதி என்றனர். வயலில் நின்று கண்டவன் கணக்கு ஒன்று, கச்சேரியில் எழுதியவன் கணக்கு வேறு. 1918 மார்ச்சில் காந்தியடிகள் அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கினார்; வல்லபாய் படேல் துணை நின்றார். மாடுகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஜப்தியாயின. ஜூன் மாதத்தில், வசதியுள்ளோர் செலுத்தினால் ஏழைகளுக்கு வசூல் நிறுத்தப்படும் என்ற இணக்கம் ஏற்பட்டது. ஏழை யார் என்று தீர்மானிக்கும் பொறுப்பு குடிகளிடம் விடப்படாததால் காந்தியடிகளுக்கு அதில் நிறைவில்லை.

1957-ல் தசம நாணயம் வந்து அணா மறைந்தது, மதிப்பீடோ மறையவில்லை. மகாராஷ்டிரத்தில் அது பைசேவாரி என்று பெயர் மாறியது. ஐம்பது பைசாவுக்குக் குறைந்த கிராமம் நிவாரணத்துக்கு உரியதென நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குப் பின்னர், மாநில நிவாரண நிதியிலிருந்து பயிர்ச்சேதத்துக்குத் தரப்படுவது திருப்ப வேண்டாத உதவித்தொகை. முன்பு பாதிப் பயிராவது அழிய வேண்டும். 2015-ல் அது மூன்றிலொரு பங்காகத் தளர்த்தப்பட்டது. ஆனால் சேதத்தை அளப்பவர் இன்றும் வருவாய்த் துறையினரே. பதிவேட்டில் பெயர் ஏறாத குத்தகை உழவன், தன் பயிர் அழிந்த அதே வயலின் வரப்பில் நின்று, நிலச் சொந்தக்காரரின் பெயர் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது.