பிட்டு: ஓர் உணவின் வரலாறும் கொழும்புத் தமிழர் வாழ்வும்

மக்களின் வரலாற்றை எழுதுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் அரச ஆவணங்களையும் சான்றாகக் கொள்வர். அடுக்களையைச் சான்றாகக் கொள்வோர் அரியர். எனினும், ஒரு காலத்தில் எத்தானியம் கிடைத்தது, அதனைக் கொணர்ந்தவர் யாவர், அது கிடையாதபோது மக்கள் எதனை உண்டு உயிர் தரித்தனர் என்பவற்றை அன்றாட உணவு தெளிவாகவே கூறிவிடுகின்றது. ஈழத் தமிழரிடையே காலையுணவாகவும் இரவுணவாகவும் வழங்கிவரும் பிட்டு அத்தகைய ஆவணங்களுள் ஒன்றாகும். அதன் பெயர் கடல் கடந்த வணிகத்தின் சுவட்டைத் தாங்கியுள்ளது. அதன் மா போர்களையும் பஞ்சங்களையும் நினைவூட்டுகின்றது. அதனோடு சேர்த்துண்ணும் கறியோ கொழும்பு மாநகரில் பல இனத்தாரும் அயலவராய் வாழ்ந்த கதையைக் கூறுகின்றது. இம்மூன்றும் இங்கு முறையே நோக்கப்படும்.

சொல்லும் தொன்மையும்

'பிட்டு' என்னும் சொல் பிளத்தல், பிட்டல் என்னும் பொருள் தரும் அடியிலிருந்து பிறந்தது என்பர். எளிதில் உதிரும் அதன் இயல்புக்கு அப்பெயர் பொருத்தமுடையதே. பேச்சுவழக்கில் இச்சொல் 'புட்டு' என ஒலிக்கும். இதழொலியை அடுத்த இகரம் உகரமாதல் தமிழ்ப் பேச்சுக்கு இயல்பானது. பிடி 'புடி' என்றும் பிள்ளை 'புள்ளை' என்றும் வழங்குதல் காண்க. மலையாளத்தில் 'புட்டு' என்ற வடிவம் நிலைபெற்றது. சிங்களத்திலோ 'பிட்டு' என்ற வடிவமே வழங்குகின்றது. ஆகவே, தமிழர் பேச்சிற் கைவிட்ட ஒலியைச் சிங்களவர் பேச்சு இன்றும் பேணிவருகின்றது எனலாம்.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரின் வணிகரைத் தொகுத்துக் கூறுமிடத்துக் 'காழியர்' என்போரைக் குறிப்பிடுகின்றது. அடியார்க்குநல்லார் இச்சொல்லுக்குப் பிட்டு வாணிகர் என்றும், அடுத்து வரும் 'கூவியர்' என்பதற்கு அப்ப வாணிகர் என்றும் பொருள் உரைத்தார். இவ்வுரையால், உரைகாரர் காலத்திலேனும் பிட்டு தெருவில் வைத்து விற்கப்பட்ட பண்டம் என்பதும், அதனையே தொழிலாகக் கொண்டோர் இருந்தனர் என்பதும் பெறப்படும்.

அத்தொழிலாளருள் ஒருத்தியே மதுரை வந்தி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் பிட்டுக்கு மண் சுமந்த கதை பக்திச் சிறப்புக்காகவே பெரிதும் பேசப்படுவது. ஆயினும் அக்கதையின் சமூகப் பின்னணியும் மனங்கொள்ளத்தக்கது. வையை பெருகிக் கரை உடைந்தபோது மன்னன் வீட்டுக்கு ஓர் ஆள் எனக் கட்டாய ஊழியம் விதிக்கின்றான். பிட்டு விற்றுப் பிழைக்கும் துணையற்ற கிழவிக்கு அனுப்புவதற்கு ஆள் இல்லை. கூலியாளாக வந்த இறைவனுக்கு அவள் கொடுக்கக்கூடிய கூலியும் பிட்டு ஒன்றே. அதிலும் உதிர்ந்த பிட்டு அவனுக்கு, உதிராதது விற்பனைக்கு என்பது ஒப்பந்தம். வறியவளின் கைத்தொழிலும் கூலியாளின் பசியும் சந்திக்கும் இடத்திற் பிட்டு நிற்கின்றது. ஆவணி மூலத்தில் மதுரையில் இன்றும் நடைபெறும் விழா இந்நிகழ்ச்சியையே நினைவூட்டுகின்றது.

செய்முறை வேறுபாடுகள்

பச்சையரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, அரித்து, வறுத்தெடுத்த மாவே பிட்டுக்கு உரியது. சுடுநீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பாற் கிளறிச் சிறு மணிகளாக்குவர். நீர் மிகுந்தாற் களியாகும். குறைந்தால் மாவாகவே நிற்கும். கட்டிபட்ட மாவைச் சுண்டின் விளிம்பினாற் கொத்திச் சீர்செய்தலும் யாழ்ப்பாணத்து வழக்கமாகும்.

அவிக்கும் முறை இருவகைப்படும். ஒன்று, மூங்கிற் குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் மாறிமாறி அடுக்கி அவிப்பது. மற்றையது, பனையோலையாற் கூம்பு வடிவில் இழைக்கப்பட்ட நீற்றுப்பெட்டியில், தேங்காய்ப்பூ கலந்த மாவை இட்டுக் கொதிபானையின் வாயில் வைத்து அவிப்பது. முன்னதிற் பூவும் மாவும் தனித்தனிப் படைகளாய் நிற்கும். பின்னதில் இரண்டும் விரவிக் கிடக்கும். குழற்பிட்டில் தேங்காய்ப்பூ சுவைக்காக மட்டும் இடப்படுவதன்று. மா இறுகிவிடாது ஆவி ஊடுருவுவதற்கும், வெந்தபின் துண்டுதுண்டாகப் பிரிவதற்கும் அதுவே வழிசெய்கின்றது.

வடபுலத்திற்கே சிறப்பாக உரியது ஒடியற் பிட்டு. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். ஒடியலை இடித்தெடுத்த மாவை நீரில் ஊறவிட்டுக் கைப்பைப் போக்கிப் பின் பிட்டாக அவிப்பர். நெல் விளையாத மண்ணில் தானாக வளர்ந்த பனை வறியவர்க்கு அளித்த கொடை இது. குரக்கன் பிட்டும் அவ்வாறே மழை குறைந்த நிலத்தின் உணவு. உளுத்தம்மா கலந்த பிட்டு பூப்பெய்திய பெண்ணுக்கு வலிமை தரும் உணவாகக் கொள்ளப்பட்டது. முருங்கையிலை சேர்த்தும், இறால் சேர்த்தும் அவிப்பதுண்டு.

உண்ணும் முறைகளும் பல. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு குழைத்து உண்பாரும், கதலிப் பழமும் சர்க்கரையும் சேர்த்து உண்பாரும், மீன்குழம்பும் சம்பலும் விரும்புவாரும் உளர். கேரளத்திற் கடலைக்கறி அதற்குத் துணையாகும். தமிழ்நாட்டில் வெல்லப்பாகு சேர்த்த இனிப்புப் புட்டு நவராத்திரிக்கு உரியது.

கடல் கடந்த பெயர்

மலாய் மொழியில் இவ்வுணவு 'புத்து' எனப்படும். இந்தோனேசியாவில் மூங்கிற் குழலில் அவித்த அரிசிமாவின் நடுவே பனைவெல்லம் வைத்து விற்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இடியப்பத்தைப் 'புத்து மாயம்' என்பர். இன்னும் கிழக்கே பிலிப்பைன்ஸ் தீவுகளில், அவித்த அரிசிப் பலகாரங்களுக்குப் 'புத்தோ' என்பது பொதுப்பெயர். அவற்றுள் 'புத்தோ பும்போங்' குழலில் அவிக்கப்படுவது. 'பும்போங்' என்பது மூங்கிற் குழலைக் குறிக்கும். ஊதா நிற அரிசியைக் கொண்டு செய்யப்படும் இது, நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வைகறைப் பூசைகள் முடிந்து வருவோர்க்குத் தேவாலய வாயிலில் சுடச்சுட விற்கப்படும். துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் அதன்மேல் தூவப்படும். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் அதனைக் கண்டால் அறிமுகம் வேண்டார்.

தமிழ் வணிகர் தென்கிழக்காசியாவிற் பரவியிருந்தமைக்குச் சான்றுகள் பல. சுமாத்திராவின் பாரூஸ் பகுதியிற் கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிக கணத்தைக் குறிப்பிடுகின்றது. கப்பல், கடை, அப்பம் முதலான சொற்கள் மலாய் மொழியிற் சென்று கலந்தமை அறிஞர் உடன்பட்டதே. புத்து என்பதும் அவ்வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றது. எனினும், பெயர் சென்றமையால் உணவு முழுவதும் தமிழர் கொடை எனக் கொள்வது பொருந்தாது. மூங்கிற் குழலில் அரிசியைச் சமைத்தல் தென்கிழக்காசிய மக்களுக்கு இயல்பானதொரு வழக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டுப் புத்தோ பலவும் அரைத்துப் புளிக்கவைத்த மாவிற் செய்யப்பட்டு, பிட்டினும் இட்டலிக்கே நெருங்கியவையாய் உள்ளன. சொல் ஒரு திசையிற் செல்லச் செய்முறை மற்றொரு திசையில் வளர்தல் இயல்பு. உணவின் வரலாற்றிற் பெயரை மட்டும் கொண்டு உரிமை நாட்டுவோர் இதனை மறத்தலாகாது.

மாவின் வரலாறு

இலங்கை நீண்டகாலமாக அரிசிக்குப் பிறநாட்டை நம்பியிருந்தது. பர்மாவே அதன் முதன்மைக் களஞ்சியம். 1942 மார்ச்சில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட்டது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. கோதுமை மா அதன் இடத்தைப் பிடித்தது. போருக்குப் பின்னர் அமெரிக்க உதவியாகவும் கோதுமை மா வந்திறங்கியது. யாழ்ப்பாணத்தார் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என வழங்கியமை இவ்வரலாற்றின் எச்சமாகும். 1953இற் பங்கீட்டரிசி ஒரு கொத்தின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலிற் கொந்தளித்தது. அரிசி என்பது வெறும் உணவன்று, அரசையே அசைக்கும் பொருள் என்பதை அந்நாள் காட்டிற்று.

புதிதாக வந்த மாவை இல்லத்துப் பெண்கள் பழைய உணவுக்கு இசைவித்த திறம் தனியே குறிப்பிடத்தக்கது. கோதுமை மாவுக்குப் பசைத்தன்மை உண்டு, நீர்பட்டால் ஒட்டும், பிட்டுக்கு வேண்டிய மணியாக உதிராது. ஆகவே அதனைத் துணியிற் கட்டி முதலில் ஆவியில் அவித்து, அரித்துப் பின்னரே பிட்டுக்குக் குழைத்தனர். 'அவித்த மா' இன்று ஈழத்தமிழர் இல்லங்களிலும் கடைகளிலும் இயல்பான பொருள். இக்கண்டுபிடிப்பைச் செய்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. அரிசிமாவும் கோதுமைமாவும் சரிபாதி கலந்து அவிக்கும் இன்றைய 'மரபுப் பிட்டு' உண்மையிற் போர்க்காலத்தின் குழந்தையே.

1970களின் உணவுத் தட்டுப்பாட்டிலும், 1990களில் வடபகுதி பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்த காலத்திலும் ஒடியலும் குரக்கனும் மீண்டும் பானைக்கு வந்தன. 2022இற் கோதுமை மாவின் விலை ஏறி எரிவாயுவும் அரிதானபோது, கொழும்பிலும் அரிசிமாவும் விறகடுப்பும் நினைவுக்கு வந்தன. மரபுணவு என்பது மாறாத உணவன்று. மாற்றத்தைத் தாங்கி நின்ற உணவு.

பொரளையும் பிட்டும்

1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபின் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்பு சேர்ந்தனர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளைப் போலவே பொரளையும் அவர்கள் தங்கிய இடங்களுள் ஒன்றாயிற்று. கோட்டையிலிருந்து மருதானை வழியாகப் பொரளைக்கு டிராம் வண்டி ஓடிய நகர் அது. 1899இல் தொடங்கிய டிராம் சேவை 1960இல் முடிவுற்றது. பலர் சேர்ந்து வீடெடுத்துச் சமைத்துண்ட அவ்வாழ்க்கையில், ஊரிலிருந்து இரயிலில் வந்த நீற்றுப்பெட்டியும் மாவும் மாம்பழமும் வீட்டின் நினைவாயிருந்தன.

ஆயின் கொழும்பிற் பிட்டு தமிழர்க்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. சிங்களவர் குழற்பிட்டைத் தேங்காய்ப்பாற் சொதியோடு உண்பர். முஸ்லிம்களும் மலாயரும் அதற்கு ஏற்ற துணையாகக் கொள்வது 'பாபத்' கறி. சிங்களவரும் அதனை விரும்புவர். பாபத் என்பது கால்நடையின் இரைப்பையைக் குறிக்கும் மலாய்ச் சொல். ஒல்லாந்தர் ஆட்சியிற் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் யாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே இலங்கை மலாயர். தமிழ்ப் பெயர் ஒன்று மலாய் உலகுக்குச் சென்றது. மலாய்ப் பெயர் ஒன்று கொழும்புக்கு வந்து பிட்டின் அருகே அமர்ந்தது. இன்று இரவுக் கடைகளில் முட்டையும் கறியும் இட்டுக் கொத்தித் தரும் 'பிட்டுக் கொத்து' இக்கலப்பின் அண்மைய வடிவமாகும்.

இந்த அயலுறவு உடைந்த இடமும் பொரளையே என்பது வரலாற்றின் கொடுமை. 1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியிற் கொல்லப்பட்ட 13 படையினரின் சடலங்களை அடக்கம் செய்வதற்காக, 24ஆம் நாள் மாலை பொரளைக் கனத்தை மயானத்திற் கூட்டம் திரண்டது. அங்கிருந்து புறப்பட்டோர் அயலிலிருந்த தமிழர் கடைகளுக்குத் தீயிட்டனர். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அடுத்தடுத்து எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் அகதி முகாம்களை அடைந்து, பின்னர் கப்பலில் வடக்கே சென்றனர். அன்று அயலவரை மறைத்துவைத்து உணவளித்துக் காத்த சிங்கள, முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன என்பது அதே வரலாற்றின் மறுபக்கம்.

கிழக்கிலங்கையிற் தமிழர் முஸ்லிம் உறவைப் 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்பர். அவ்வுவமையும் சோதனைக்கு உள்ளாயிற்று. 1990 ஆகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். கிழக்கின் தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். இவற்றைக் கூறாது உவமையை மட்டும் மேடைகளில் முழக்குதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் உவமையின் உட்பொருள் பழுதற்றது. குழலில் இரண்டும் தம் நிறம் இழக்காது அடுத்தடுத்து நிற்கின்றன. இடையே பூ இல்லையேல் மா இறுகிவிடும். மா இல்லையேல் பூவுக்கு அங்கு வேலையில்லை.

2020 நவம்பரில் யாழ்ப்பாண நீதிமன்றில் மாவீரர் நினைவேந்தலைத் தடுக்கக் கோரிய வழக்கின்போது, முன்பு பிட்டு உண்ட தமிழர் போர் முடிந்தபின் பீட்சா உண்கின்றனர் என்ற கருத்துப்படப் பொலிஸ் அதிகாரி ஒருவர் பேசியமை கண்டனத்துக்கு உள்ளானது. அக்கூற்றிற் பிட்டு வறுமைக்கும் பின்னடைவுக்கும் அடையாளமாயிற்று. ஒடியலை உணவாக்கிய அறிவையும், அந்நிய மாவைத் தன்வயப்படுத்திய திறனையும், மணிலா வரை பரவிய பெயரையும் அறிந்தோர் அவ்வாறு கூறார். மேலும், அதே பிட்டைச் சிங்கள இல்லங்களும் அதே பெயரால் அழைத்து உண்கின்றன.

இன்று தொரன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் தமிழர் உருக்குக் குழல்களிற் பிட்டு அவிக்கின்றனர். மூங்கிலும் பனையோலையும் அங்கில்லை. பூ குளிரூட்டப்பட்ட பொதியில் வருகின்றது. எனினும் மாவும் பூவும் மாறிமாறி அடுக்கப்படும் முறை மாறவில்லை. வந்தியின் கைப்பிடியிலிருந்து தொடங்கிய நெடுவழியிற் பிட்டு பல மாக்களையும் பல மொழிகளையும் ஏற்றது. எதனாலும் தன்னை இழக்கவில்லை. அதனை உண்போரும் அவ்வாறு வாழ்தல் இயலும் என்பதற்கு அவ்வுணவே சான்று.